கிரவுன் செட்டிங்

பிப்ரவரி 10, செவ்வாய்

இந்த நோட்டைக் கொடுத்தவர் ஜோஸ்பின் மேடம். தேனி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிறவர். "உங்க வீட்டுக்காரர் வாயிலிருந்து என்ன வருதோ அதை அப்படியே எழுதுங்க. தப்பான வார்த்தையா இருந்தாலும் பரவாயில்ல. என்ன நடக்கும்போது சொன்னாருன்னும் எழுதுங்க" என்றார். நான்கு வாரம் கழித்துப் பார்ப்பாராம்.

பெயர் சுருளிவேல். வயது நாற்பத்தெட்டு. ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. வண்டி மெக்கானிக். ஜனவரி பதினொன்றாம் தேதி காலையில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் விழுந்தார். வலது கை வரவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நாம் சொல்வது முக்கால்வாசி புரிகிறது. பதில்தான் வராது. எழுதவும் வராது.

இன்றைய வார்த்தைகள்: "நாளைக்கு" பதினான்கு முறை. டீ வேண்டுமா என்றாலும் நாளைக்கு, ஃபேன் போடவா என்றாலும் நாளைக்கு. கஞ்சி சுட்டபோது "நாயே" என்றார். அது மட்டும் சுத்தமாக வந்தது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துக் கொடுத்தால் இருபது வரை தடங்கல் இல்லாமல் எண்ணுகிறார். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிற்காது.

"நாளைக்குங்கிற வார்த்தைக்கு வீட்ல ஏதாவது விசேஷம் உண்டா?" என்று மேடம் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். விழுவதற்கு முன்னால் கை மரத்தது, தடுமாறினார் என்று ஏதாவது தெரிந்ததா என்றும் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

நாளைக்கு: பதினொன்று. நாயே: மூன்று. மூன்றும் எனக்குத்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்று "நாளைக்கு" எத்தனை என்று எண்ணவில்லை. மன்னிக்க வேண்டும் மேடம். பிக்கப் வண்டி படுத்துகிறது.

அவர் விழுந்ததிலிருந்து வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். லைசென்ஸ் இருக்கிறது, அவர்தான் பழக்கிவிட்டார். தோட்டங்களிலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றித் தேனி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவது. ஒரு வாரமாக நாற்பதுக்கு மேல் போனால் பின்னாலிருந்து விசில் அடிப்பது போல ஒரு ஊளைச் சத்தம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சத்தம் நின்று 'டொக்' என்று ஒரு அடி. இன்று வண்டியை ஷெட்டுக்குள் விட்டபோது அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த 'டொக்' காதில் விழுந்ததும் இடது கையால் நாற்காலிக் கையைப் போட்டு அடி அடி என்று அடித்தார்.

"தெரியுதுங்க, கிரவுன்லதான் சத்தம். அதுக்கு நாற்காலிய ஏன் ஒடைக்கிறீக?"

"நாளைக்கு! நாளைக்கு!"

உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவில், அச்சில், பூசணிக்காய் போல ஒரு உருண்டை தொங்கும். இன்ஜின் சுற்று ஒரு நீளத் தண்டு வழியாக அங்கே வந்து சேரும். உள்ளே சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும், அந்தப் பெரியதுதான் கிரவுன். வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் ஓட விடுவதும் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு பல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மயிரிழை கூடினாலும் சத்தம், குறைந்தாலும் சத்தம். அதைச் சரியாக வைப்பதற்குக் கிரவுன் செட்டிங் என்று பெயர். போடியிலிருந்து தேவாரம் வரைக்கும் அந்த வேலைக்கு ஒரே ஆள்தான். அந்த ஆள்தான் நாற்காலியை அடித்துக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போடி ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன். மரியாதையான ஆள். "அண்ணே, நல்லாருக்கீகளா?" என்று கையைப் பிடித்தார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கப் போனதும் இவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய், அந்த ஆளின் ஸ்பேனர் பையைத் தூக்கி வாசலில் எறிந்தார். பதினைந்து ஸ்பேனரும் தெருவில் சிதறிக் கிடந்தன. அந்த மனிதர் பொறுக்கிக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வந்தது. "இன்னொருத்தன் தொட்டா ஒங்க கிரீடம் எறங்கிருமா? நான் எதுல லோடு ஏத்துறது, தலையிலயா?" என்று கத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வார்த்தை: எதுவும் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

நானே திறக்கிறேன். பத்தொன்பது வருஷம் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, டார்ச் பிடித்ததும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். கையால் செய்ததில்லையே தவிர கண்ணால் நூறு தடவை செய்திருக்கிறேன்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அடியில் இருக்கிற நட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தேன். கறுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். வெயிலில் சட்டியைத் திருப்பிப் பார்த்தால் மீன் செதில் மாதிரி மினுமினு என்று வெள்ளித் தூள். பல் தேய்கிறது. சட்டியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். பார்க்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு முருகாயி மதினி எட்டிப் பார்த்தார். மலைமேலே ஏலக்காட்டு வேலை முடித்து ஜீப்பில் இறங்கி வந்த களைப்போடு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஜோதி, ஆம்பளையா பொறக்கவேண்டியவ நீ."

"பொம்பளையா பொறந்ததுக்கே இந்தப் பாடு மதினி."

பிப்ரவரி 17, செவ்வாய்

பின் மூடியில் பத்து போல்ட். ஒன்பது கழன்றது. பத்தாவது கழலவில்லை. நாள் முழுக்க அந்த ஒரு போல்ட்.

பிப்ரவரி 18, புதன்

பத்தாவது போல்ட் மண்ணெண்ணெயில் ஊறி, சுத்தியல் அடி வாங்கி, என் கட்டைவிரல் தோலையும் உரித்துக்கொண்டு பதினொரு மணிக்குக் கழன்றது. மூடியைத் தட்டி எடுத்தேன்.

கிரவுனை இரண்டு பக்கமும் பேரிங் தாங்கும். அந்தப் பேரிங்கை ஒரு கனத்த இரும்பு வளையம் மேலிருந்து அழுத்திப் பிடிக்கும், வளையத்துக்கு இரண்டு போல்ட். மொத்தம் நான்கு. அந்த நான்கையும் உயிரைக் கொடுத்து முறுக்க வேண்டும். இடது பக்கத்து இரண்டும் கல் மாதிரி இருந்தன. வலது பக்கத்து இரண்டும் என் விரலுக்கே சுழன்றன. இரண்டு விரலுக்கு. அது மட்டுமில்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற பெரிய நட் பக்கத்துக்கு ஒன்று உண்டு. அது தானாகத் திரும்பிவிடாதபடி கட்டைவிரல் அளவில் ஒரு லாக் பிளேட் போடுவார்கள். வலது பக்கத்தில் அந்தப் பிளேட்டே இல்லை. நட் தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருக்கிறது.

"எந்தக் களவாணிப்பய செஞ்ச வேலைங்க இது?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஜனவரி பத்தாம் தேதி இந்த மூடியைத் திறந்து மூடியவர் அவர்தான். மறுநாள் விழுந்தார்.

அவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. இமை துடித்தது.

போடி மெக்கானிக்கின் பையை ஏன் தெருவில் எறிந்தார் என்று இப்போது தெரிகிறது. இன்னொரு மெக்கானிக் கண்ணில் இது பட்டுவிடக் கூடாது.

மேலே இரண்டு வரி அடித்திருக்கிறது. தப்பாக எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டு நாளாக செட்டிங். இந்த வேலையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நானும் நாயே என்றுதான் சொல்வேன்.

கிரவுனின் பல்லில் டயல் கேஜின் முனையை வைத்து, பல்லை லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால் முள் எத்தனை கோடு நகர்கிறதோ அதுதான் இடைவெளி. நாற்பத்திரண்டு கோடு நகர்ந்தது. எத்தனை இருக்க வேண்டும் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. "எத்தனங்க?" என்றேன். "நாளைக்கு." "பத்தா? இருபதா?" "நாளைக்கு." எதற்குத் தலையாட்டுகிறார், எதற்கு மறுக்கிறார் என்பதும் நிச்சயமில்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டு.

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் எதற்கோ, கடுப்பில்தான், "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தேன். அவர் பிடித்துக்கொண்டார். மூணு, நாலு, அஞ்சு என்று வழக்கம்போல ஓடினார். பதினாலு, பதினஞ்சு. அங்கே இடது கை நாற்காலியில் 'பட்' என்று விழுந்தது. வாய் பாட்டுக்குப் பதினாறு, பதினேழு என்று போய்க்கொண்டே இருந்தது. மறுபடி எண்ண வைத்தேன். மறுபடி பதினைந்தில் அடி.

"பதினஞ்சு கோடா?"

என்னையே பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது.

பதினைந்து தெரிந்துவிட்டால் போதுமா? ஒரு பக்கத்து நட்டை உள்ளே திருகினால் எதிர்ப்பக்கத்து நட்டை அதே அளவு வெளியே விட வேண்டும். பதினைந்துக்குக் கொண்டுவந்து போல்ட்டுகளை முறுக்கினால் முள் ஒன்பது காட்டுகிறது. தளர்த்தி, இருபதில் வைத்து முறுக்கினால் பதினேழு. இப்படியே ஆறு தடவை. ஏழாவது தடவை பதினைந்து. அப்போது மதியச் சோறு ஆறிப்போயிருந்தது. அவரையும் பட்டினி போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

பல்லில் மஞ்சள் பெயிண்ட் தடவி, முருகாயி மதினியைச் சக்கரம் சுற்றச் சொல்லி, பல் எங்கே உரசுகிறது என்று பார்த்தேன். ஓரத்தில் உரசினால் தப்பு, நடுவில் பொட்டு மாதிரி விழ வேண்டும். விழுந்தது. மதினி, "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார். நான் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

லாக் பிளேட் மட்டும் பாக்கி. அவருடைய சில்லறைச் சாமான் கிடக்கும் பிஸ்கட் டின்னைக் கொட்டினேன். வாஷர், உடைந்த பின், சீல். அவற்றுக்கு நடுவே பிளேட் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. சின்னது நம் வண்டிக்கு அச்சாகப் பொருந்தியது. மற்றது அதைவிடப் பெரியது, நம் வண்டிக்கு ஆகாது.

"இது எதுக்குங்க?" என்று காட்டியதும் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். இடது கைக்குள் பொத்திக்கொண்டு "நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு" என்று ஒரே கூப்பாடு. முகமெல்லாம் சிவந்துவிட்டது. வேறு வண்டியின் பழைய சாமானாக இருக்கும், விடுங்கள் என்றேன். விடவில்லை. தெருவைக் காட்டுகிறார், மலையைக் காட்டுகிறார், மார்பில் அடித்துக்கொள்கிறார். ஒரு மணி நேரம் பார்த்தேன். என் பொறுமை போய்விட்டது.

"ஒரு வாரமா எண்ணெய்க்குள்ள கெடக்கேன். இனி ஒங்க பாஷையக் கண்டுபிடிக்க என்னால ஆகாதுங்க!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாப்பிடவில்லை. பிளேட்டைக் கையிலிருந்து விடவும் இல்லை. நானும் கெஞ்சவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

காலை ஐந்தரைக்குத் தெருமுனையில் ஜீப் ஹாரன் அடித்தது. தினமும் அடிப்பதுதான். மொக்கராசு தன் ஜீப்பில் இந்தத் தெருப் பெண்களை ஏலக்காட்டு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் போவார். முருகாயி மதினி தூக்குவாளியோடு ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் தடால் என்று சத்தம். இவர் நாற்காலியோடு விழுந்துகிடந்தார். விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்து தெருப்பக்கம் போகப் பார்த்தார். கையில் அந்தப் பிளேட். ஜீப் போன திசையைப் பார்த்து அதை ஆட்டினார். சத்தம்கூட வரவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அவருடைய வேலை நோட்டைத் தேடி எடுத்தேன். ஜனவரி பத்து: நம் வண்டி. அதற்கு மேல் வரியில், ஜனவரி ஒன்பது: மொக்கராசு ஜீப், கிரவுன் செட்டிங். எழுத்து கோணலாக, கோட்டை விட்டு இறங்கிக் கிடந்தது.

"மொக்கராசு ஜீப்பாங்க? இந்தப் பிளேட்டு அந்த ஜீப்புலயா இருக்கணும்?"

கண்ணிலிருந்து கொட்டியது. தலையை ஆட்டினார். இந்த ஆட்டில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மொக்கராசுக்குப் போன் போட்டேன். மலையில் டவர் கிடையாது. மதினியிடம் போனே கிடையாது. நம் வண்டி மூடி இல்லாமல் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. எதிர்வீட்டு டெய்லர் அண்ணனிடம் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிளேட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போடிக்குப் போய் மூணாறு பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தேன். எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. காலையில் ஏறிவிட்டது, நல்லபடியாக ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். இறங்கும்போதுதான் பிடித்துவிட வேண்டும்.

எந்த எஸ்டேட்டுக்குப் போனார்கள் என்று தெரியாது. எங்கே போனாலும் திரும்பும்போது போடிமெட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தேன். ஏழு டீ குடித்திருப்பேன். மூன்றே முக்காலுக்குப் பச்சை ஜீப் பனிக்குள்ளிருந்து வந்தது. நடுரோட்டில் போய் நின்றேன்.

"யக்கா! என்னக்கா இங்க? அண்ணனுக்கு எதுவும்...?"

"அண்ணனுக்கு ஒண்ணுமில்லப்பா. நீ வண்டிய ஓரங்கட்டு. எல்லாரையும் எறக்கு."

ஜீப்புக்குள் பதினொரு பெண்கள். பிளேட்டைக் காட்டிச் சொன்னேன். மொக்கராசு வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சுருளிண்ணே செட்டிங்குல குத்தமா? ஒன்ற மாசமா ஏறி எறங்குறேன்க்கா. ஒண்ணும் ஆகல. மழ வர்ற மாதிரி இருக்கு, நீங்களும் ஏறுங்க, வீட்ல எறக்கிவிடுறேன்."

"சத்தமே இல்லையா?"

அவர் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தார். "மூணு நாளா லேசா ஒண்ணு இருக்கு. பேரிங்கா இருக்கும்."

"அவரு கை சரியில்லாம செஞ்ச வேல மொக்கராசு. எங்க வண்டியத் தொறந்து பாத்துட்டேன். போல்ட்டு என் வெரலுக்குக் கழண்டுச்சு."

"கை சரியில்லன்னா அப்பவே சொல்ல வேண்டியதுதான? எதுக்கு வண்டியில கை வச்சாரு?"

நான் ஜீப்பின் பின்பக்கம் போனேன். உள்ளேயிருந்து முதலில் இறங்கியது முருகாயி மதினிதான். "ஜோதி பொய் சொல்ல மாட்டா. எல்லாரும் எறங்குங்கடி" என்றார். பெண்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள். அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, மொக்கராசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மூடியைக் கழற்றினோம். எண்ணெய் ரோட்டில் ஓடியது.

எண்ணெயோடு ஒரு போல்ட்டும் வந்து விழுந்தது. அதன் ஜோடிப் போல்ட் இரண்டே சுற்று மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய நட் திரும்பித் திரும்பி, பேரிங் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அது விலகியிருந்தால் கிரவுன் இறுகிப் பின்சக்கரம் இரண்டும் அப்படியே பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில்.

மொக்கராசு கை நிறைய எண்ணெயோடு ரோட்டோரக் கட்டையில் போய் உட்கார்ந்தார். கீழே வளைந்து வளைந்து இறங்கும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினேழு வளைவுக்கா" என்றார். ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் ஒரே பஸ்ஸில் இறங்கினோம். அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் கடைசி சீட்டில்.

வீட்டுக்கு வந்து இவரிடம், "எல்லாரும் எறங்கிட்டாக. பஸ்ல வந்துட்டாக" என்றேன். மூன்று தோசை சாப்பிட்டார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில், "சுருளி செஞ்ச வேலையால பதினோரு பொம்பளைக போயிருப்பாளுக" என்று பேசிக்கொண்டார்களாம். டெய்லர் அண்ணன் என்னிடம் சொல்லலாமா கூடாதா என்று மென்று முழுங்கிச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துப் பேர் ஒரு நாளில் போனது. அதைக் கொண்டுபோய் நடுரோட்டில் போட்டு உடைத்தவள் நான். சொல்லாமல் விட்டிருக்கவும் முடியாது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பாத்திரத்தையெல்லாம் சத்தமாக விளக்கினேன்.

முருகாயி மதினி வரவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

மேடம், முதல் நாளில் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் பொய் சொன்னேன்.

டிசம்பர் பதினான்காம் தேதி அவர் சட்டைப் பொத்தானை ஏற்றி இறக்கிப் போட்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே மாற்றிப் போட்டுவிட்டேன். மறு வாரம் ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிப்ரவரி பதினெட்டாம் தேதி இந்த நோட்டில் அடித்த இரண்டு வரி இதுதான்.

ஜனவரி ஒன்பதாம் தேதி மொக்கராசு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இவர் சமையல்கட்டுக்கு வந்து, "ஜோதி, கை ஒரு மாதிரி மரத்துப்போகுது. அவன்கிட்ட நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிரு" என்றார். பொங்கல் லோடு இருந்தது. ஜீப் ஷெட்டை விட்டுப் போனால்தான் மறுநாள் நம் வண்டியைச் செய்ய முடியும். "நாளைக்கு நாளைக்குன்னே சொல்லுங்க. அந்த ஆளு தெனம் மலை ஏறுறவன். இன்னைக்கே முடிச்சு விடுங்க" என்றேன். தைலம் தேய்த்துவிட்டேன். போனார்.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 28, சனி

வேலை நோட்டில் நவம்பர் கடைசியிலிருந்து பார்த்தேன். ஜீப்பும் நம் வண்டியும் போக இன்னும் மூன்று வண்டி. நம் வண்டியைப் பூட்டி, புது எண்ணெய் விட்டு ஓட்டினேன். சத்தம் இல்லை. சந்தோஷப்பட நேரமும் இல்லை. அந்த மூன்று வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

தேவாரம் தேங்காய் வண்டிக்காரர் வாசலிலேயே நிறுத்தி வைத்து ஏசினார். "முடியலன்னா மூடிட்டு இருக்க வேண்டியதுதான?" கேட்டுக்கொண்டேன். வண்டியைத் திறக்க விட்டார். பிளேட் இருந்தது, ஒரு போல்ட் இளகியிருந்தது. முறுக்கிவிட்டு வந்தேன். அது டிசம்பர் இருபதாம் தேதி செய்தது.

மார்ச் 5, வியாழன்

இரண்டாவது வண்டி டிசம்பர் பதினாறு. அதிலும் ஒரு போல்ட். ஓனர் நல்லவர், மோர் கொடுத்தார். அது ஏச்சை விடச் சங்கடமாக இருந்தது.

மொக்கராசு ஜீப்பைப் போடி மெக்கானிக் போய்ச் சரிசெய்து இறக்கிவிட்டாராம். இன்று காலை ஹாரன் கேட்டது. முருகாயி மதினி போகிற வழியில் நம் வாசலில் நின்று, "அண்ணன் தூங்குறாகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடினார்.

மார்ச் 8, ஞாயிறு

கடைசி வண்டி, ராசிங்கபுரம் பால் வேன். நவம்பர் இருபத்தெட்டு செய்தது. ஓனர் நம் ஷெட்டிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டு மதியம் வருகிறேன் என்று போனார்.

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வேனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கூப்பிடவில்லை, தானாக வந்தார். நான் அடியில் படுத்து மூடியைக் கழற்றினேன். நான்கு போல்ட்டும் கல். இரண்டு பிளேட்டும் இருந்தன. கேஜ் வைத்துப் பார்த்தேன், பதினைந்து கோடு. பல்லில் பொட்டு நடுவில். தொட வேண்டியது ஒன்றுமே இல்லை.

"இது நல்லாருக்குங்க" என்றேன். "ஒரு குத்தமும் இல்ல."

மூடியைத் திரும்ப வைத்து, விரலால் போல்ட்டுகளைத் திருகிக்கொண்டே வந்தேன். அடியிலிருந்து பார்த்தால் அவர் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. முகம் தெரியாததால்தானோ என்னவோ, வாய் வந்தது.

"பொத்தானத் தப்பாப் போட்டப்பவே எனக்குத் தெரியும்ங்க. கைக்கு என்னமோ ஆகுதுன்னு தெரியும். டாக்டர்ட்ட போவம்னு சொல்லல. அன்னைக்கு நீங்க முடியலன்னு சொன்னீக. நான்தான் ஷெட்டுக்குள்ள தள்ளிவிட்டேன். ஊருல ஒங்களச் சொல்றாக. என்னையச் சொல்ல ஆளில்ல. ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து உள்ளே போகிறார் என்று நினைத்தேன். போகட்டும், போகாமல் என்ன செய்வார். பாதங்கள் நகரவில்லை. ஸ்பேனர் பெட்டிக்குள் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எதையோ எடுப்பதும் போடுவதுமாக வெகுநேரம் கேட்டது.

பம்பருக்குக் கீழே இடது கை நீண்டது. அதில் ஒரு ஸ்பேனர். பதிமூன்றாம் நம்பர். மூடியின் போல்ட்டுக்கு அதுதான் அளவு.

வாங்கிக்கொண்டேன்.